புல்லை எழுதாத பேரேடு

ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலம். அதில் பத்தில் ஒரு பங்காவது மரத்தழை மூடியிருந்தால் அது காடு. என்ன மரம், யார் நட்டது, நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியெல்லாம் கிடையாது. நாட்டின் காட்டுப் பரப்பைச் செயற்கைக்கோள் படம் கொண்டு அளக்கும் இந்திய வன அளவை நிறுவனம் இன்று கையாளும் விதி இதுதான்.

இந்த விதியை நீலகிரியின் முக்கூர்த்திச் சரிவுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். கண்ணுக்கெட்டியவரை புல், மடிப்புகளில் மட்டும் சோலை. சோலை காட்டுக் கணக்கில் ஏறும். புல் ஏறாது. அதே புல்லில் ஆஸ்திரேலியச் சீகை மரம் ஏறிப் பத்து விழுக்காடு தழை கட்டிவிட்டால் அந்த ஹெக்டேரும் காடாகிவிடும். அடுத்த அறிக்கையில் பச்சை கூடியிருக்கும். இழப்பு வரவாகப் பதிவாகும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக நடந்துவருவது இந்தத் தப்புக் கணக்குதான். கிடைக்கும் எண்களைக் கொண்டு அதைச் சரியான பக்கத்தில் எழுதிப் பார்ப்போம்.

ஆரம்ப இருப்பு

நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். மூணாறுக்கு மேலே நிற்கும் ஆனைமுடி 2,695 மீட்டர். தென்னிந்தியாவில் இதைவிட உயரமான சிகரம் இல்லை. இவற்றை ஒட்டிய மேட்டுநிலங்களில் இருப்பது இரண்டு சரக்கு: சோலை, புல். இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்த மாதிரி எல்லை. சோலை முடியும் இடத்தில் ஓரிரு அடிக்குள் புல் தொடங்கிவிடும்.

மரத்தை வெட்டியதால்தான் புல் வந்தது என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 1993இல் ஆர். சுகுமாரும் சக ஆய்வாளர்களும் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு அந்த வாதத்தை உடைத்தது. நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காய்ப் படிந்த கரிமண்ணை எடுத்து, அதிலிருந்த கரிம ஓரிடத்தான்களை அளந்தார்கள். புல் மக்கினால் ஒரு விகிதம், மரம் மக்கினால் வேறொரு விகிதம். அந்தப் பதிவில், உலகம் குளிர்ந்து வறண்டிருந்த 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தில் புல் ஓங்கியிருந்தது. கோடரி மலையேறுவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே புல் இருந்திருக்கிறது.

புல்லை இன்றும் நிலைநிறுத்தும் சக்திகளில் முக்கியமானது உறைபனி. டிசம்பர் முதல் பிப்ரவரிவரை அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கத்துத் திறந்த சரிவுகளில் இரவு வெப்பம் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும். சோலைக்குள் மரக்கூரை சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. புல்வெளியில் விழுந்து முளைக்கும் சோலை நாற்று அந்தக் குளிரில் கருகுகிறது. அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் மூவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், சோலை மர நாற்றுகள் புல்வெளியில் தடுமாறியபோது சீகை நாற்றுகள் அவற்றைவிட நன்றாகப் பிழைத்தன. உள்ளூர் மரத்தைத் தடுத்த வேலி வெளியூர் மரத்தைத் தடுக்கவில்லை.

புல் மட்டும் எப்படித் தப்புகிறது? ஒரு தூரைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். வெளிச்சுற்றில் போன ஆண்டின் காய்ந்த தாள்கள், அதற்குள்ளே பழுப்பும் பச்சையும் கலந்த மடல்கள். எல்லாவற்றுக்கும் நடுவில், மண்ணோடு மண்ணாக, அடுத்த பருவத்தின் குருத்து. பனி நுனியைத்தான் கருக்க முடியும். மேய்கிற வரையாடும் நுனியைத்தான் கடிக்கும். வேகமாக ஓடிப்போகும் தீயும் தாளைத்தான் தின்னும். முதல் மட்டும் தரைக்கடியில் பத்திரமாக இருக்கும்.

புல்வெளி என்றால் புல் மட்டுமல்ல. நீர் கசியும் பள்ளங்களில் பூச்சியைப் பிடித்துத் தின்னும் டிரொசீரா உண்டு. தரையோடு நீலமாகப் பூக்கும் ஜென்ஷியன், தரைவாழ் ஆர்க்கிடுகள், வெள்ளை எக்காளம் போன்ற நீலகிரி அல்லி எல்லாம் உண்டு. புதர் வரிசையில் குறிஞ்சி, தவிட்டுப்பழம், ஊசிக்கலா, கசக்கினால் தசைவலித் தைலம்போல் மணக்கும் கால்தீரியா. அங்கங்கே தடித்த பட்டையால் தீயைத் தாங்கித் தனித்து நிற்கும் சிவப்புப்பூ ரோடோடெண்ட்ரான். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பி.எஃப். ஃபைசன் 1915 தொடங்கி வெளியிட்ட நீலகிரி, பழனி மலையுச்சித் தாவரங்கள் பற்றிய நூல் 6,500 அடிக்கு மேலே உள்ளவற்றுக்கு மட்டுமே எழுதப்பட்டது. ஒரு தனி நூல் கேட்கும் அளவுக்கு அந்த உயரத்தில் சரக்கு இருந்திருக்கிறது.

உள்ளே வந்தவை

கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். 1832இல் சீகை இனம் வந்தது, 1843இல் யூகலிப்டஸ் வந்தது. ஊட்டிக்கு அருகே 1863இல் 'ஆரம்பி' என்ற மரத்தோட்டத்தைப் போட்டார்கள். ஊட்டியின் அடுப்புகளுக்கும் கணப்புகளுக்கும் விறகு தேவைப்பட்டது, சோலைகளை வெட்டிக் கட்டுப்படியாகவில்லை. விறகுக் கணக்கில் அது நியாயமான முடிவுதான்.

நாடு விடுதலை பெற்ற பிறகு காரணம் மாறியது, வேகம் கூடியது. தோல் பதனிட வேண்டிய டானின் இறக்குமதியாகிக்கொண்டிருந்தது. அதை இங்கேயே எடுக்கலாம் என்று சீகைத் தோட்டம் போட்டார்கள். ரேயான் ஆலைகளுக்குக் கூழ் வேண்டும் என்று யூகலிப்டஸ் நட்டார்கள். பைன் அதற்குப் பின்னால் வந்தது. நடுவதற்குத் தேர்ந்த நிலத்துக்கு அரசு ஆவணம் வைத்த பொதுப்பெயர் 'தரிசு'. தரிசுக்கு விலை கிடையாது. ஆகவே திட்டச் செலவில் நாற்று, குழி, கூலி எல்லாம் இருந்தன. நிலத்தில் ஏற்கெனவே இருந்ததற்கு ஒரு வரிகூட இல்லை.

தோட்டம் போட்ட இடத்தோடு மரம் நிற்கவில்லை. கருஞ்சீகை என்னும் அகேசியா மேர்ன்சியின் விதை மண்ணில் 50 ஆண்டுவரை உயிரோடு கிடக்கும். தீ பட்டால் மொத்தமாக முளைக்கும். வெட்டினால் வேரிலிருந்தும் கிளம்பும். வேலிக்கும் அழகுக்கும் வந்த கோர்ஸ், ஸ்காட்ச் புரூம் ஆகிய மஞ்சள்பூப் புதர்களும் இதே ரகம்.

போன பரப்பு

அரசுமணியும் சக ஆய்வாளர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலை–புல்வெளி நிலங்களைச் செயற்கைக்கோள் படங்களில் ஒப்பிட்டார்கள். 1973க்கும் 2017க்கும் இடையில், 44 ஆண்டில், வெளிநாட்டு மரங்கள் பரவியதால் போன புல்வெளி 340 சதுர கிலோமீட்டர். மொத்தத்தில் 23 விழுக்காடு. இதைத் திருப்பிப் போட்டால் 1973இல் இருந்தது சுமார் 1,480 சதுர கிலோமீட்டர், மிச்சம் சுமார் 1,140. பெருநகர சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். போன புல்வெளி அதில் ஐந்தில் நான்கு பங்கு. இதே காலத்தில் சோலையின் பரப்பு பெரிதாக மாறவில்லை.

பழனி மலையின் கணக்கு இன்னும் மோசம். 1973இலிருந்து 2014வரையிலான படங்களை ஒப்பிட்டதில் புல்வெளியில் 66 விழுக்காடும் சோலையில் 31 விழுக்காடும் போயிருந்தன. ஒருகாலத்தில் மலையின் பெரும்பரப்பாக விரிந்துகிடந்த புல், இப்போது அருகிப்போய்ச் சிதறிக்கிடக்கும் துண்டுகள்தான். பெரும்பகுதியை மரத்தோட்டம் எடுத்துக்கொண்டது, மிச்சத்தில் ஒரு பங்கை விவசாயம்.

மலை மீட்பு என்றதும் எல்லோர் வாயிலும் வருவது 'சோலையை மீட்போம்' என்பதுதான். போனதில் பெரும்பங்கு புல்லாக இருக்க, நாற்றங்கால்களில் வளர்வது சோலை மரக்கன்று. புல்வெளியாக இருந்த இடத்தில் சோலைக் கன்றை நட்டாலும் அது தப்பான பக்கத்தில் எழுதிய பதிவுதான்.

தண்ணீர்க் கணக்கு

நீலகிரிக்கு இந்தக் கணக்கை ஊகிக்க வேண்டியதில்லை. உதகையில் உள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளன்மார்கனில் அடுத்தடுத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டது. ஒன்றைப் புல்லாகவே விட்டுவிட்டது. மற்றொன்றில் 59 விழுக்காடு பரப்பில் 1972இல் யூகலிப்டஸ் வைத்தது. இரண்டிலிருந்தும் ஓடிவரும் நீரை ஆண்டுக்கணக்கில் அளந்தது.

முதல் பத்தாண்டுச் சுழற்சியில் மரம் வைத்த பிடிப்பின் நீர் வரத்து 16 விழுக்காடு குறைந்தது. ஆண்டுக்கு 87 மில்லிமீட்டர். மரத்தை வெட்டிய பிறகு அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பாகத் துளிர்த்த இரண்டாம் சுழற்சியில் குறைவு 25.4 விழுக்காடு. வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருக்கிறது, மேலே இளந்தழை வேகமாக வளர்கிறது. குடிப்பது கூடாமல் என்ன செய்யும்?

87 மில்லிமீட்டர் என்றால் ஒரு ஹெக்டேருக்கு 870 கனமீட்டர், அதாவது 8 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர். இதுவே 340 சதுர கிலோமீட்டருக்கும் பொருந்தினால் ஆண்டுக்கு 2.96 கோடி கனமீட்டர். காவிரிப் பேச்சில் பழகிய அளவையில் சொன்னால் ஒரு டி.எம்.சி.க்குச் சற்று மேலே. சீகையும் பைனும் யூகலிப்டஸ் அளவுக்கே குடிக்கும் என்று வைத்துப் போட்ட தோராயக் கணக்கு இது. மழை இடத்துக்கு இடம் மாறும், குறைவும் மாறும். ஆனால் பேரேட்டில் பூஜ்ஜியம் என்று எழுதியிருக்கும் இடத்தில் நிற்கும் எண் எந்த அளவுடையது என்பதை அது காட்டிவிடுகிறது.

மொத்த அளவைவிடப் பருவம் முக்கியம். ஓடையில் நீர் அடிமட்டத்துக்குப் போகும் நாள்களின் ஓட்டத்தைத் தனியாகக் கணக்கிட்டார்கள். முதல் சுழற்சியில் அது பாதியானது. இரண்டாம் சுழற்சியில் நாலில் ஒரு பங்கை ஒட்டி வந்து நின்றது. ஆகஸ்டில் குறையும் நீரை யாரும் கவனிக்கமாட்டார்கள். மார்ச், ஏப்ரலில் குறையும் நீர் கீழே இருக்கும் ஊரின் குடம்.

அந்த நீர் இறங்கும் வழியில் மின்சாரமும் இருக்கிறது. பைக்காரா மின்நிலையம் 1932இல் தொடங்கியது. குந்தா திட்டத்தின் ஐந்து மின்நிலையங்கள் முறையே 60, 175, 180, 100, 40 மெகாவாட், கூட்டினால் 555. பைக்காரா இறுதிநிலை மின்நிலையம் 150 மெகாவாட். ஒரு கனமீட்டர் நீர் 1,000 மீட்டர் இறங்கினால், இயந்திர இழப்புக்கு 15 விழுக்காடு கழித்து, சுமார் 2.3 யூனிட் கிடைக்கும். ஒரு ஹெக்டேரில் குறைந்த 870 கனமீட்டரும் சுழலியை எட்டியிருந்தால் சுமார் 2,000 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற தமிழக அளவில், மூன்று வீட்டுக்கு ஓராண்டு கொடுத்தும் மிஞ்சும். கீழே அணை கட்டி நீரைப் பிடித்த அரசுதான் மேலே அந்த நீரைக் குடிக்கும் மரத்தையும் நட்டது. இரண்டும் வேறுவேறு துறையின் பேரேடு, ஒன்றை ஒன்று பார்த்ததில்லை.

உயிர்க் கணக்கு

குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும், விதைக்கும், மடியும். 1838இலிருந்து கூட்டிவந்தால் 2018இல் நடந்தது பதினாறாவது பூப்பு, அடுத்தது 2030. ஒரு செடியின் ஆயுளில் விதைக்க ஒரே வாய்ப்பு. பூப்பதற்கு இரண்டு ஆண்டு முன்னால் சீகை நிழல் விழுந்தாலும் பத்தாண்டுச் சேமிப்பு வீண். சீகையோ முளைத்த சில ஆண்டுகளிலேயே பூத்து, அதன்பின் ஆண்டுதோறும் விதை கொட்டும். கேரளம் 2006இல் குறிஞ்சிக்கென்றே 32 சதுர கிலோமீட்டரில் ஒரு சரணாலயம் அறிவித்தது.

நீலகிரிச் சதுப்பில் மட்டுமே வளரும் ஒரு புல்லுக்கு எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி என்று பெயர். தென்னிந்தியப் புற்கள் பற்றி 1921இல் நூல் வெளியிட்ட ரங்காச்சாரியின் பெயரைத் தாங்கியது. தோடர்கள் தங்கள் கோயில் கூரையை வேய்வது இந்தப் புல்லால்தான். சதுப்பு வற்றினால் புல் போகும். கூரைக்கு மாற்றுப் பொருள் கடையில் கிடைக்கும், சடங்குக்குக் கிடைக்காது. இந்தப் பதிவுக்கு ரூபாய்ப் பத்தி இல்லை.

வரையாட்டுக்கு இருக்கிறது. தமிழக அரசு 2022இல் அறிவித்த நீலகிரி வரையாடு திட்டத்துக்கு ஒதுக்கீடு 25.14 கோடி ரூபாய், ஐந்தாண்டுக்கு. 2024 கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,031 வரையாடுகள், 2025இல் 1,303. கேரளத்தின் 1,365ஐயும் சேர்த்தால் 2,668. ஒதுக்கீட்டை 1,303ஆல் வகுத்தால் தலைக்கு 1.93 லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 38,600. புல்லுக்கென்று தனி ஒதுக்கீடு கேட்டால் கிடைக்காத பணம், புல்லைத் தின்னும் விலங்கின் பெயரால் வருகிறது. அந்தத் திட்டத்தில் புல்வெளி மீட்பும் ஓர் இனம் என்பதால் இது நல்ல வழிதான். ஆனால் வரையாடு மிதிக்காத சரிவுக்கு இந்த வழியில் எதுவும் கிடைக்காது.

எதிர்ப்பக்கம்

மரத்தோட்டத்துக்கும் வரவு உண்டு, அதை விட்டுவிட்டால் இதுவும் தப்புக் கணக்குதான். விறகுக்காகச் சோலையை வெட்டும் நெருக்கடி குறைந்தது. பட்டையும் கூழ்மரமும் விற்றன. நீலகிரித் தைலம் பல குடும்பத்தின் பிழைப்பு. நூறு கிலோ இலைக்கு ஒரு கிலோ அளவில்தான் எண்ணெய் இறங்கும் என்றாலும் அடுப்பு எரிந்தது. கிளன்மார்கன் அளவீட்டில் மரம் வைத்த பிடிப்பின் வெள்ள உச்சமும் தணிந்திருந்தது.

ஆனால் அந்தத் தணிப்புக்கு ஓர் எல்லை இருக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 911 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 911 லிட்டர். அப்படிப்பட்ட நாளுக்கு எந்த மரமும் பொறுப்பேற்காது. டானினுக்கும் ரேயானுக்கும் இருந்த சந்தையும் மெலிந்துவிட்டது. வரவு நின்றுபோன பிறகும் செலவு மட்டும் ஆண்டுதோறும் ஏறுகிறது. மரம் நிற்கும்வரை குடிக்கும்.

மீட்புச் செலவு

தமிழகம் 2022இல் அயல் ஊடுருவும் தாவரங்களை அகற்றவும் சூழலை மீட்கவும் ஒரு கொள்கை வெளியிட்டது. எவ்வளவு ஆகும்? கூலியை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். ஊரக வேலைத் திட்டத்தில் 2025–26க்குத் தமிழகத்தின் நாள்கூலி 336 ரூபாய். வரையாடு திட்டத்தின் 25.14 கோடியையும் கூலிக்கே கொடுத்தால் 7.48 லட்சம் ஆள்நாள். 340 சதுர கிலோமீட்டருக்குப் பங்கிட்டால் ஹெக்டேருக்கு 22 ஆள்நாள், ஆண்டுக்கு நான்கரைக்குச் சற்றுக் குறைவு. அந்தப் பரப்பில் கேரளப் பகுதியும் உண்டு, இது ஒப்பீட்டுக்கு மட்டும்.

முற்றிய சீகைத் தோப்பில் 22 ஆள்நாள் என்பது தொடக்கம்கூட அல்ல. மரத்தை அறுக்க வேண்டும், சரிவிலிருந்து இறக்க வேண்டும். அடிக்கட்டைப் பட்டையைத் தரைமட்டம்வரை உரிக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுதாம்பு கிளம்பும். வெளிச்சம் பட்டதும் மண்ணில் கிடக்கும் 50 ஆண்டு விதை முளைக்கும். அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்து பிடுங்க வேண்டும். காகித ஆலைக்கு மரத்தை விற்றால் முதல் ஆண்டுச் செலவில் ஒரு பங்கு தேறும். பத்தாவது ஆண்டின் பிடுங்கலுக்கு விற்க எதுவும் இருக்காது. அதனால்தான் வெட்டும் வேலைக்கு ஒப்பந்தக்காரர் கிடைக்கிறார், பிடுங்கும் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை.

விளிம்பு நிலம் வேறு. நல்ல புல்லுக்கு நடுவே சீகை இப்போதுதான் விரல் பருமனில் நிற்கிறது. மழை நனைத்த மண்ணில் அடியைப் பிடித்து நேராக இழுத்தால் வேரோடு வரும். அறுவை இயந்திரம் வேண்டாம், லாரி வேண்டாம். புல் பக்கத்திலேயே இருப்பதால் யாரும் புல் நட வேண்டியதும் இல்லை. அப்படிப்பட்ட ஹெக்டேருக்கு ஆண்டுக்கு நான்கு ஆள்நாள் என்பது நல்ல தொகை. இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளிக்கும் இது பொருந்தும். 3,160 ஹெக்டேர் பூங்கா, 2,100 மீட்டரைச் சுற்றிய உயரம், அங்கேயும் இதே கோர்ஸ் புதர், அங்கேயும் ஆறுகளின் தலைநீர்.

ஐந்தொகை

போன புல்வெளி, 44 ஆண்டில்: 340 சதுர கிலோமீட்டர்.
மிச்சம்: சுமார் 1,140 சதுர கிலோமீட்டர்.
ஹெக்டேருக்கு ஆண்டு நீர் இழப்பு: 8.7 லட்சம் லிட்டர்.
அதே நீரின் மின்மதிப்பு: சுமார் 2,000 யூனிட்.
மண்ணில் கிடக்கும் விதைக்கடன்: 50 ஆண்டுவரை.
காட்டுப் பரப்பு அறிக்கையில் இந்த இழப்புக்கு உள்ள பதிவு: இல்லை, சில இடங்களில் வரவு.

கடைசி வரியைத் திருத்தினால்தான் மற்ற வரிகள் திருந்தும். தமிழகத்தின் பசுமை இயக்கம் மாநிலத்தின் காடு, மரப் பரப்பைச் சுமார் 24 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காட்டுக்கு உயர்த்தப் பார்க்கிறது. சமவெளியில் அது நல்ல இலக்கு. 1,800 மீட்டருக்கு மேலே அதே இலக்கைக் கொண்டுபோனால், சீகையை அகற்றும் ஒவ்வொரு ஹெக்டேரும் அந்தத் துறைக்குக் கழித்தலாக விழும். தன் இலக்கிலிருந்து தானே கழித்துக்கொள்ளும் அதிகாரி எத்தனை பேர்?

ஆகவே கேட்க வேண்டியது புதிய கோடிகள் அல்ல. மலை மாவட்டங்களின் ஆண்டறிக்கையில் 'உச்சிப் புல்வெளி, ஹெக்டேர்' என்று ஒரு பத்தி சேர்க்க வேண்டும். அதில் குறைவது செலவு, கூடுவது வரவு. அந்தப் பத்தி இருந்தால் பணத்தை எங்கே முதலில் போடுவது என்பது தானே தெரியும்: இன்னும் புல்லாக இருக்கும் 1,140இன் விளிம்பில், விரல் பருமன் நாற்றுக்கு. முற்றிய தோப்புக்கு அதற்கு அடுத்து. இந்த வரிசையை மாற்றினால், ஒரு பக்கம் வெட்டி முடிப்பதற்குள் மறுபக்கத்தில் வெட்ட வேண்டிய தோப்பு ஒன்று வளர்ந்திருக்கும்.